பஞ்ச் பிடிக்கப் பழகுவோம்: பித்தளை, தோல், களிமண், காடாத் துணியில் பெயர் பதிக்க

எழுத்துப் பஞ்ச் என்பது முனையில் ஓர் எழுத்து வெட்டிய இரும்புத் துண்டு; தலையில் சுத்தியலால் அடித்தால் அந்த எழுத்து பதியும். அதை வாங்கிய பலர் சீக்கிரமே பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அடித்த பெயர் கோணலாக விழுந்திருக்கும். ஓர் எழுத்து ஆழமாகப் பதிந்திருக்கும், அடுத்தது பாதிதான் தெரியும், தகடு வேறு வளைந்து போயிருக்கும். உடனே "நமக்குக் கை வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கையில் ஒரு குறையும் இல்லை. தகட்டுக்கு அடியில் வைத்த பலகை துள்ளியிருக்கிறது, கோடு போடாமல் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த வேலையில் முக்கால் பங்கு, சுத்தியலைத் தூக்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

நான் கோவை கணபதியில் மோட்டார் பம்ப் செய்யும் பட்டறை ஒன்றில் பெயர்த்தகட்டுக்கு நம்பர் அடித்துக்கொண்டிருந்தவள். குதிரைத்திறன், வோல்ட், வரிசை எண் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியத் தகட்டில் வரிசையாக விழ வேண்டும். ஒரு எண் சாய்ந்தால் ஃபோர்மேன் அந்தத் தகட்டை மேசைமேல் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் போவார், திட்டியிருந்தாலே பரவாயில்லை. இப்போது சோமனூரில் வீட்டிலேயே மாட்டுக் கழுத்துப் பட்டிக்குப் பெயர்த்தகடு, சாவி வளையம், தோல் பர்ஸ், கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை என்று சின்னச் சின்ன வேலைகள் செய்து கொடுக்கிறேன். பொருள் மாறினாலும் பழக்கம் பட்டறையில் வந்ததுதான்.

வாங்கும்போது

ஹார்டுவேர் கடையில் லெட்டர் பஞ்ச், நம்பர் பஞ்ச் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆங்கில எழுத்துப் பெட்டியில் 27 துண்டுகள் இருக்கும்: 26 எழுத்துகளும், கடைப் பெயர்களில் இரண்டு பெயர்களைச் சேர்க்கப் போடும் 'அண்ட்' குறி ஒன்றும். எண் பெட்டியில் 9 துண்டுகள்தான். பத்து இலக்கத்துக்கு ஒன்பது எப்படிப் போதும் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். 6-ஐத் தலைகீழாகப் பிடித்தால் 9.

அளவு என்பது எழுத்தின் உயரம். 2, 3, 4, 5, 6, 8, 10 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்றால் 3 மி.மீ. வாங்குங்கள். சாவி வளையம், பெயர்த்தகடு, டாலர் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இரண்டாவது வாங்கும்போது 6 மி.மீ.; தோலுக்கும் மரத்துக்கும் களிமண்ணுக்கும் அது உதவும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று 10 மி.மீ. வாங்கிப் பித்தளையில் அடிக்க முனைந்தால் தோள்பட்டை இறங்கிவிடும். எழுத்து பெரிதாகப் பெரிதாக அது விலக்க வேண்டிய உலோகமும் கூடுகிறது.

கடைக்குப் போகும்போது கைப்பையில் துணி சோப்புத் துண்டு ஒன்றை எடுத்துப் போவேன். பெட்டியிலிருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் அதில் அழுத்திப் பார்த்தால் முனை உடைந்தது, கோடு தேய்ந்தது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பஞ்ச் முனையில் எழுத்து இடவலம் மாறி இருக்கும் என்பதால் வெறும் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பஞ்ச்சின் முனை மட்டும் கடினப்படுத்தப்பட்டிருக்கும். அடி வாங்கும் தலைப்பக்கத்தை வேண்டுமென்றே மென்மையாக விட்டிருப்பார்கள். அதுவும் கடினமாக இருந்தால் சுத்தியல் பட்டுச் சில்லு தெறிக்கும். அடித்து அடித்துத் தலை நாளடைவில் காளான் போல விரியும். விரிந்த ஓரத்தை அரத்தால் ராவி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓரமே ஒருநாள் உடைந்து பறக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் என் வீட்டுத் திண்ணையில் பஞ்ச் பிடிக்க முடியாது. குழந்தைகளுக்கு மட்டுமல்ல, அவர்களின் அப்பாக்களுக்கும் அதே சட்டம்தான்.

எவர்சில்வரில் அடித்துத் தரச் சொல்லி அடிக்கடி கேட்கிறார்கள். சாதாரண பஞ்ச்சால் அதில் அடிக்காதீர்கள். அடிக்க அடிக்க இறுகும் உலோகம் அது. எழுத்து பதிவதற்குள் பஞ்ச்சின் முனை மழுங்கிவிடும். சீர்வரிசைப் பாத்திரத்துக்குப் பெயர் வேண்டுமென்றால் பாத்திரக் கடையில் மெஷினில் வெட்டித் தருவார்கள், அங்கே கொடுத்துவிடுங்கள். பித்தளைச் சொம்பு, குடம் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். உள்ளே வயிற்றோடு பொருந்தும் இரும்புக் கட்டையைத் தாங்கலாகக் கொடுக்காமல் வெளியே அடித்தால் பாத்திரம் நசுங்கும். அனுப்பர்பாளையத்துப் பாத்திரத் தொழிலாளர்களிடம் அந்தக் கட்டைகள் வகைவகையாக உண்டு, நம்மிடம் கிடையாது.

அடியில் வைப்பது

அடித்த விசை எழுத்தாக மாற வேண்டுமென்றால் அது கீழே எங்கேயும் ஓடிவிடக் கூடாது. மேசையின் நடுவில் தகட்டை வைத்து அடித்தால் பலகை அமுங்கி எழும், பஞ்ச் துள்ளும், எழுத்து இரட்டையாக விழும். அதே மேசையின் கால் இருக்கும் மூலையில் வைத்து அடியுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

என்னிடம் இருப்பது கறிக்கடையில் வைத்திருப்பது போன்ற ஒரு புளியமரக் கட்டை. அதன்மேல் ஓர் அங்குலக் கனமுள்ள இரும்புத் துண்டு. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன். மேல்முகம் மட்டும் வழவழப்பாக இருக்க வேண்டும். அதில் சின்னப் பள்ளம் இருந்தால்கூடத் தகட்டின் பின்பக்கத்தில் வந்து நிற்கும். கட்டைக்குக் கீழே ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டால் சத்தம் பாதியாகக் குறையும். மதியம் இரண்டு மணிக்கு, இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் தறிக்காரர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் சாக்கின் அருமை புரியும்.

தோல் வேலைக்கு அம்மிக்கல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அம்மி கொத்திய கல். அதன் புள்ளிகள் தோலின் பின்பக்கத்தில் ஏறிவிடும். வீடு கட்டும் இடத்தில் சமையல் மேடைக்கு அறுத்து மிஞ்சிய கிரானைட் துண்டு கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். அதை ஒரு தட்டில் மணல் பரப்பி அதன்மேல் படிய வைத்தால் வெடிக்காது. உலோக வேலையைக் கிரானைட்டின் மேல் செய்யாதீர்கள்.

தகட்டில் அடிப்பது

பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் நல்லவை. பழகுவதற்கு அலுமினியம், விற்பதற்குப் பித்தளை. 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. கனம், மிகவும் தோதானது. அதைவிட மெலிந்தால் எழுத்து பின்பக்கம் துருத்தும். செம்புத் தகடு இறுகிப் போயிருந்தால் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை நெருப்பில் காட்டித் தண்ணீரில் போடுங்கள், இளகிவிடும். எஃகைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் இறுகும். செம்பு அப்படி அல்ல.

எல்லோரும் தகட்டை அளவாக வெட்டிவிட்டு அதில் பெயரை அடிப்பார்கள். நான் முதலில் பெயரை அடித்துவிடுவேன். பிறகு அடித்த பெயரைச் சுற்றி நான்கு பக்கமும் அளந்து, கோடு கிழித்து, வெட்டி, அரம் போட்டுக்கொள்வேன். பெயர் நடுவில் விழவில்லையே என்ற கவலைக்கு இடமே இல்லை. வட்டமாக வெட்டி விற்கும் தயார்த் தகடாக இருந்தால் இந்த வழி உதவாது. அப்போது பெயரின் நடு எழுத்தை முதலில் அடித்து, அங்கிருந்து வலப்பக்கமும் இடப்பக்கமும் போக வேண்டும்.

கோட்டுக்குப் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப் போதும். எழுத்தின் கால் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே டேப்பின் மேல்விளிம்பு வரும்படி நேராக ஒட்டுங்கள். இப்போது பஞ்ச்சை டேப்புக்குச் சற்று மேலே தகட்டில் வைத்து, மெல்ல உங்களை நோக்கி இழுங்கள். எழுத்தின் அடிப்பகுதி டேப் விளிம்பில் தட்டி நிற்கும். அந்தத் தட்டலை விரல் உணரும். கண் பார்த்து அளப்பதைவிட அது துல்லியம். டேப்பின் மேலேயே பென்சிலால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயரென்றால் 'ஐ' எழுத்துக்குப் பாதி இடமும், 'எம்', 'டபிள்யூ' இரண்டுக்கும் ஒன்றரை இடமும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரித்தால் பல் விழுந்த சீப்பைத்தான் பார்ப்பீர்கள்.

பஞ்ச்சைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்து, சுண்டுவிரலைத் தகட்டின்மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் எந்த எழுத்து என்பதைப் பஞ்ச்சின் ஒரு பக்கத்தில் பொறித்திருப்பார்கள். அந்தப் பக்கம் நம்மைப் பார்த்து இருந்தால் எழுத்து நேராக விழும். சோப்பில் ஒரு தரம் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அரைக் கிலோ சுத்தியல் போதும். கண் பஞ்ச்சின் முனையில் இருக்கட்டும், தலையில் அல்ல. முழங்கையிலிருந்து தூக்கி, சுத்தியலின் எடையே விழும்படி விடுங்கள். என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: "ஒரே அடி அம்மணி, இரண்டாவது வேண்டாம்." இரண்டாவது அடியில் பஞ்ச் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும்.

எல்லா எழுத்துக்கும் ஒரே பலத்தில் அடிக்கக் கூடாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 1, 'ஐ', 'எல்' போன்ற கோடு குறைந்தவற்றுக்கு அடி இளசாக இருக்க வேண்டும். 8, 'எம்', 'பி' (B) போன்றவற்றுக்கு அழுத்தமாக வேண்டும். புள்ளிக்கு ஒரு தட்டு போதும். ஓங்கி அடித்தால் தகட்டில் ஓட்டை. நகத்தால் தடவும்போது எல்லா எழுத்தும் ஒரே அளவு தட்டுப்பட்டால் வேலை சுத்தம்.

6 மி.மீ. முதல் இந்த ஒரே அடி விதி தளரும். முதலில் ஓர் அடி அடித்துப் பஞ்ச்சைத் தகட்டில் உட்கார வையுங்கள். எடுக்காமல் அப்படியே மேலே, கீழே, இடம், வலம் என்று இம்மியளவு சாய்த்து ஒவ்வொரு தட்டு. எங்கேயாவது எழுத்து பாதிதான் பதிந்திருந்தால், பஞ்ச்சைத் திரும்ப வைத்து லேசாக ஆட்டினால் அது தன் பள்ளத்தைத் தானே கண்டு 'டக்' என்று உட்காரும். உட்கார்ந்த பிறகு, பதியாத பக்கமாகச் சாய்த்து அடியுங்கள்.

மாட்டுக் கழுத்துப் பட்டித் தகடு செய்வதை வைத்து ஒரு கணக்குச் சொல்கிறேன். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு முன்னால் காங்கேயம் மாட்டுக்காரர்கள் இதைக் கேட்டு வருவார்கள். பத்து இலக்கக் கைபேசி எண்ணுக்கு 3 மி.மீ. பஞ்ச்சில் 30 முதல் 35 மி.மீ. நீளம் பிடிக்கும். ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் ஓர் இலக்க அளவு இடைவெளி விடுங்கள், படிப்பவருக்கு எளிது. இரண்டு பக்கமும் ரிவெட் துளைக்குத் தலா 8 மி.மீ. சேர்த்தால் 50 மி.மீ.க்குச் சற்று மேலே வரும், 55-க்கு வெட்டுவேன். மேல் வரியில் ஊர், கீழ் வரியில் எண். மாட்டுக்குச் செல்லப் பெயர் இருந்தால் அதைப் பின்பக்கம் அடிக்க முடியாது, அடித்தால் முன்பக்க எழுத்து நசுங்கும், தனித் தகடுதான். மூலைகளை வட்டமாக ராவ மறந்துவிடாதீர்கள், மாட்டின் கழுத்து அதற்கு நன்றி சொல்லும்.

அடித்து முடித்ததும் தகடு வில்லாக வளைந்திருக்கும். எழுத்துப் பக்கத்தைக் கீழே வைத்து, அடியில் ஒரு தோல் துண்டு கொடுத்து, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டினால் நிமிரும். இரும்புச் சுத்தியலால் தட்டினால் எழுத்து மழுங்கும். எழுத்துப் பள்ளத்தில் கறுப்பு எனாமல் பெயின்ட்டை வழித்து, சற்று இறுகியதும் தின்னர் தொட்ட துணியைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி மேலாகத் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். துணியை விரலில் சுற்றித் துடைத்தால் பள்ளத்துக்குள் இருப்பதும் வந்துவிடும்.

தமிழில் பெயர் வேண்டுமென்றால்

ஆங்கிலப் பெட்டிபோலத் தமிழ்ப் பெட்டி நான் கேட்ட கடைகளில் இல்லை. கோவையில் டை, அதாவது உலோக அச்சு, வெட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமா? எழுத்தை அச்செடுத்துக் கொடுத்து வெட்டச் சொன்னேன். 247 எழுத்தையும் வெட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் அச்சுக்கோப்பவர் கண்ணோடு பார்க்க வேண்டும்.

உயிர் எழுத்தில் 11 போதும். ஔ என்பதை ஒ, ள இரண்டையும் வைத்து ஒப்பேற்றலாம். ஆய்தம் ஒன்று. அகரமேறிய மெய் 18. கு, கூ வரிசைகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் 36 துண்டுகள் தனியாக வேண்டும். கி, கீ வரிசைகளில் மேலே வளையும் விசிறி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, பிரித்து அடித்தால் ஒட்டாது, அவை 36. மிச்சமிருக்கும் எல்லாமே துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு, புள்ளி என்ற ஐந்து துண்டுகளுக்குள் அடங்கும். மொத்தம் 107. ஜ, ஸ, ஷ, ஹ வேண்டுமென்றால் மேலே கூட்டிக்கொள்ளுங்கள். என் பெட்டியில் அதில் பாதிகூட இல்லை. யார் யார் பெயரைச் செய்யப் போகிறீர்கள் என்று எழுதிப் பார்த்து, வேண்டியதை மட்டும் வெட்டுங்கள்.

'காங்கேயம்' என்று அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். க, கால், ங, புள்ளி, இரட்டைக்கொம்பு, க, ய, ம, புள்ளி. ஒன்பது அடிகள், ஆனால் ஏழே துண்டுகள். 'சென்னிமலை' என்றால் 'லை' ஐகாரக்கொம்பு, ல என்று இரண்டு அடிகளில் முடியும். ஐம்பது வருடத்துக்கு முன் இதையே வெட்டக் கொடுத்திருந்தால் அந்த 'லை'க்குத் தனித் துண்டு கேட்டிருப்பார்கள். ணை, லை, ளை, னை நான்கும் கொம்பை முன்னால் சுருட்டி ஒட்டிக்கொண்டிருந்தன. ணா, றா, னா மூன்றும் காலை உடலோடு சேர்த்துக்கொண்டிருந்தன. ஈரோட்டுக்காரரான பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் இவற்றைப் பிரித்து அச்சிடத் தொடங்கினார். 1978-இல் தமிழக அரசு அதை ஆணையாக்கியது. அச்சுக்கூடத்துக்கு ஆன லாபம் இன்று பஞ்ச் அடிக்கும் எனக்கும் ஆகிறது.

வெட்டக் கொடுக்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். எல்லாத் துண்டிலும் எழுத்து உட்காரும் கோடு, துண்டின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே வால் நீளும் எழுத்துகளையும், மேலே விசிறி ஏறும் 'கி', 'கீ' போன்றவற்றையும் துண்டின் நடுவில் வைத்து வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டினால் டேப் விளிம்பு உதவாது, ஒவ்வோர் எழுத்தும் ஏறி இறங்கும். புள்ளித் துண்டை எல்லா எழுத்தும் அடித்த பிறகு, கடைசியில், கண்பார்வையில் அடியுங்கள். 'ர' எழுத்தின் கீழ்க்கோடு துணைக்காலிலிருந்து தெளிவாக வேறுபடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 'தாராபுரம்' அடித்தால் தெரியும் ஏன் சொல்கிறேன் என்று.

கல்யாணத் தகட்டில் ஆண்டைத் தமிழ் எண்ணில் கேட்பவர்களுக்காகத் தனியே எண் பஞ்ச் வெட்ட வேண்டியதில்லை. க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்த ஒழுங்கில் பல எண்களும் எழுத்துகளின் சாயல்தான். 2025 என்பது உ, சுழி, உ, ரு. சுழிக்கு ஆங்கில எண் பெட்டியின் சுழியே போதும்.

தோல்

எல்லாத் தோலும் எழுத்தை ஏற்காது. மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் அடித்த பள்ளத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையில் பதனிடும் வழக்கம் பழையது. குரோம் பதனிட்ட தோல், கைப்பைக்கும் செருப்பு மேல்பாகத்துக்கும் வரும் மிருதுவான வகை, அடித்ததும் மெல்ல எழும்பி மறைந்துவிடும். கடையில் தோலின் வெட்டுமுனையைப் பாருங்கள். உள்வரை பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். சாம்பல் நீலம் தெரிந்தால் குரோம்.

2 முதல் 3 மி.மீ. கனம் எடுங்கள். நனைந்த ஸ்பாஞ்சால் இரண்டு பக்கமும் ஒத்தி எடுத்துவிட்டுக் காத்திருங்கள். தோல் முதலில் கறுக்கும், பிறகு பழைய நிறம் ஓரங்களிலிருந்து திரும்பத் தொடங்கும். கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் தருணம். சொட்டச் சொட்ட அடித்தால் எழுத்து ஊதிப்போகும், காய்ந்து அடித்தால் வெட்டும். உலோகத்துக்கான பஞ்ச்சின் முனைக் கோடுகள் கூர்மையானவை; தோலில் ஓங்கி அடித்தால் மேல்தோலைக் கிழித்துவிடும். தோலுக்கென்றே தட்டை முனையுள்ள அச்சுகள் கிடைக்கின்றன. அவை இல்லாவிட்டால் இரும்பு பஞ்ச்சைக் கொட்டாப்புளியால் மென்மையாகத் தட்டுங்கள்.

ஈரத்தோலும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை வரும். தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்துக்கும் இரும்புக்கும் அப்படியோர் உறவு. பஞ்ச்சைத் துரு இல்லாமல் துடைத்து வையுங்கள், தோலின்மேல் இரும்பு அளவுகோலைக் கிடத்திவிட்டுப் போகாதீர்கள். கறை விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் குறைக்கும்.

மரத்துக்கு ஒரு வித்தை

மரத்தில் அடிப்பது எளிது, ஆழமும் சீக்கிரம் வரும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே எழுத்தின் கோடு விழும்போது மரம் முரண்டு பிடிக்கும், இரண்டு தட்டுச் சேர்த்துத் தட்டுங்கள். இன்னொரு வழி இருக்கிறது. எழுத்தை அடித்துவிட்டு, அடித்த பள்ளத்தின் அடிவரை சுற்றியுள்ள மரத்தை இழைப்புளியால் இழைத்துச் சமமாக்குங்கள். எழுத்து காணாமல் போய்விடும். இப்போது கொதிக்கும் நீரை அதன்மேல் ஊற்றுங்கள். அமுங்கிக் கிடந்த நார்கள் நீரைக் குடித்து எழும்ப, எழுத்து புடைப்பாக வெளியே வரும். பஞ்ச்சின் கூர் நாரை வெட்டியிருந்தால் இது நடக்காது. முனை சற்று மழுங்கிய பழைய பஞ்ச்சுக்கு இதுதான் சரியான வேலை.

களிமண்

இதற்குச் சுத்தியல் வேண்டாம். கொடுமணலில், சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில், பானை ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஆட்களின் பெயர்கள் கீறப்பட்டுக் கிடைத்திருக்கின்றன. அவர்கள் கீறினார்கள், நாம் அழுத்துகிறோம். களிமண்ணில் பெயர் போடும் ஆசை இந்தப் பக்கத்துக்கு இரண்டாயிரம் வருடப் பழக்கம்.

விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது, அந்தப் பதத்தில் அழுத்துங்கள். சலித்த சாம்பலை முனையில் தொட்டுக்கொண்டால் பஞ்ச் ஒட்டாமல் வரும். நேராக இறக்கி நேராக எடுங்கள்; எடுக்கும்போது சாய்த்தால் எழுத்தின் கரை சரியும். தொட்டி, சட்டி என்றால் உள்பக்கம் இன்னொரு கையைத் தாங்கலாகக் கொடுக்க வேண்டும். உலர்ந்து சுடும்போது மண்ணைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சுருங்கலாம். ஆகவே படிக்க வேண்டிய அளவைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தை எடுங்கள். 3 மி.மீ. எழுத்து களிமண்ணில் எறும்புக்குத்தான் தெரியும்.

துணியும் காகிதமும்

இரும்பு பஞ்ச்சுக்கு இங்கே வேலை இல்லை, ரப்பர் எழுத்து வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் கடையில் தமிழ் எழுத்துகளைத் தனித்தனியாகச் செய்து மரக்கட்டையில் ஒட்டித் தருவார்கள். நீளப் பெயரென்றால் முழுப் பெயரையும் ஒரே ஸ்டாம்பாகச் செய்வது மேல்.

காடாத் துணியில் தைத்த மஞ்சப்பைக்குத்தான் இப்போது கேட்பவர் அதிகம். தமிழக அரசு 2021-இல் மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிய பிறகு தாம்பூலப் பையும் அதற்கே மாறிவருகிறது. புதுக் காடாவில் கஞ்சி இருக்கும், வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகுதான் மையைப் பிடிக்கும். அலுவலக ஸ்டாம்ப் மை துவைத்தால் போய்விடும். துணிக்கென்று விற்கும் பிக்மென்ட் மை வாங்குங்கள். மையைப் பஞ்சுத் திண்டில் மெலிதாகப் பரப்பி ஸ்டாம்பை அதில் ஒத்துங்கள், மைக்குள் முக்காதீர்கள். பைக்குள் அட்டை ஒன்றைச் செருகினால் மை பின்பக்கம் ஊறாது. நன்றாகக் காய்ந்ததும் மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி செய்தால் நிலைக்கும்.

பவானி ஜமக்காளத்தில் பெயர் அடித்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கனத்தில் எந்த ஸ்டாம்பும் எழுத்தாக விழாது. காடா நாடாவில் பெயரை அடித்து மூலையில் தைத்துவிடுங்கள்.

எடுத்து வைப்பது

வேலை முடிந்ததும் பஞ்ச்சைத் துடைத்து மெஷின் ஆயில் தொட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகும். மரக்கட்டையில் வரிசையாகத் துளை போட்டு நிறுத்தினால் எந்த எழுத்து காணவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். முதலில் தொலைவது எப்போதும் தமிழ்ப் புள்ளித் துண்டுதான். அதற்காக மறுபடி டை வெட்டும் பட்டறைக்கு ஓட வேண்டாம். கான்கிரீட் ஆணி ஒன்றின் கூர்முனையை அரைத்து உருண்டையாக்கினால் அடுத்த புள்ளித் துண்டு தயார். இரண்டாகச் செய்து வையுங்கள்.